கெரட்டோகோனஸ் கண்ணுக்கு லென்ஸ்: எதை முதலில் செய்வது, எதை எப்படித் தேர்ந்தெடுப்பது

கருவிழி கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸ், லேசிக் (கண்ணாடி பவரைக் குறைக்கும் லேசர் சிகிச்சை) செய்த சில வருடம் கழித்து வரும் பிதுக்கம், கருவிழி மாற்று அறுவை, புண் ஆறிய தழும்பு என்று ஏதோ ஒரு காரணத்தால் கருவிழி மேடுபள்ளமாகிப் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். காண்டாக்ட் லென்ஸ் பிரிவில் பல வருடமாக வேலை செய்கிறேன். “எனக்கு லென்ஸ் ஒத்துவரவில்லை” என்று டப்பியை அலமாரியில் போட்டுவிட்டு, வேறு வழி இல்லாமல் திரும்பி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களிடம் பொறுமையாகக் கேட்டால், பலருக்கு ஒரு படி விட்டுப்போயிருக்கும், அல்லது இரண்டாவது செய்ய வேண்டியதை முதலில் செய்திருப்பார்கள். அதனால் வரிசைப்படியே போகலாம்.

1. லென்ஸுக்கு முன்னால்: நோய் நின்றுவிட்டதா, வளர்கிறதா?

லென்ஸ் பார்வையைக் கொடுக்கும். கூம்பு வளர்வதை நிறுத்தாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம். லென்ஸ் போட்டதும் தெளிவாகத் தெரிகிறது, சரி ஆகிவிட்டது என்று இரண்டு வருடம் ஆஸ்பத்திரி பக்கம் வராமல் இருந்துவிடுகிறார்கள். அதற்குள் கருவிழி இன்னும் மெலிந்துபோகிறது.

கெரட்டோகோனஸ் பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கி, முப்பதுகள் வரை மெல்ல நகரும். வயது குறையக் குறைய வேகம் அதிகம். வளர்ச்சியை நிறுத்தச் செய்வதுதான் சி3ஆர். ரைபோஃபிளேவின் சொட்டு விட்டு, அளவான புற ஊதா ஒளி காட்டி, கருவிழியின் இழைகளை ஒன்றோடொன்று இறுக்கும் சிகிச்சை இது. இயல்பான கருவிழியின் நடுத் தடிமன் சுமார் 540 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). வழக்கமான சி3ஆர் முறைக்கு, மேல்தோல் நீக்கிய பிறகு 400 மைக்ரானாவது இருக்க வேண்டும். தள்ளிப்போட்டு அதற்குக் கீழே போய்விட்டால், மெல்லிய கருவிழிக்கென்று மாற்றியமைத்த முறைகளைத்தான் தேட வேண்டியிருக்கும்.

வளர்கிறதா என்பதை ஒரே ஒரு டோபோகிராபியை (கருவிழியின் மேடுபள்ளத்தை வரைபடமாக எடுக்கும் பரிசோதனை) வைத்துச் சொல்ல முடியாது. சில மாத இடைவெளியில், முடிந்தவரை ஒரே வகைக் கருவியில் எடுத்த இரண்டு அறிக்கைகளை ஒப்பிட வேண்டும். கருவிக்குக் கருவி அளவு கொஞ்சம் மாறும் என்பதால், வேறு வேறு இடத்தில் எடுத்ததை ஒப்பிட்டுப் பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது.

சி3ஆர் செய்யலாம் என்று மருத்துவர் சொன்னால், அதை முடித்துவிட்டு லென்ஸுக்கு வாருங்கள். சிகிச்சைக்குப் பிறகு கருவிழியின் வடிவம் மாறும், மேல்தோலும் ஆற வேண்டும். அதற்கு முன் அளவெடுத்துச் செய்த லென்ஸ் வீணாகிவிடும். எத்தனை வாரம் பொறுக்க வேண்டும் என்பது ஆறும் வேகத்தைப் பொறுத்தது. சிலரை மூன்று மாதம் வரை காத்திருக்கச் சொல்வோம்.

இதோடு கண்ணைக் கசக்குவதை நிறுத்த வேண்டும். அரிப்பு எடுத்தால் விரல் கணுவை வைத்து அழுத்தித் தேய்ப்பது நிறையப் பேருக்குத் தூக்கத்திலும் வரும் பழக்கம். மெலிந்த கருவிழிக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. கசக்காதே என்று திட்டுவதால் எந்தப் பிள்ளையும் நிறுத்துவதில்லை, அரிப்பு இருக்கும்வரை கை போய்க்கொண்டேதான் இருக்கும். ஒவ்வாமைக்குச் சொட்டு மருந்து வாங்குங்கள், குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை மூடிய இமை மேல் வையுங்கள்.

2. கண்ணாடி ஏன் உதவவில்லை, லென்ஸ் ஏன் உதவுகிறது

தெருவிளக்கு ஒன்று நாலாகத் தெரிகிறது, நிலாவுக்குக் கீழே வால் மாதிரி இன்னொரு நிலா தொங்குகிறது என்று சொல்வார்கள். ஒழுங்கான சிலிண்டர் பவரை (கருவிழி ஒரு திசையில் மட்டும் கூடுதலாக வளைவதால் வருவது) கண்ணாடி சரிசெய்யும். மேடும் பள்ளமுமான பரப்பு ஒளியைக் கண்டபடி சிதறடிக்கும்போது அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதனால்தான் மாற்றுகிறார்கள்.

கடினமான லென்ஸை வைத்தால், லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் கண்ணீர் போய்த் தேங்கிப் பள்ளங்களை நிரப்புகிறது. ஒளிக்கு முன்னால் இப்போது இருப்பது லென்ஸின் வழவழப்பான பரப்பு. கண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.336, கருவிழியுடையது 1.376. இரண்டும் நெருக்கமாக இருப்பதால், முன்பரப்பின் கோளாறில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு மறைந்துவிடுகிறது. கருவிழியின் பின்பரப்பும் கோணலாகியிருந்தால் அந்தக் கோளாறு தங்கும். தழும்பு இருந்தால் அதுவும் தங்கும். லென்ஸ் போட்டும் 6/6 (இயல்பான முழுப் பார்வை) வரவில்லையே என்று வருந்துகிறவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இந்தப் படி தேவையா என்று தோன்றலாம். தேவை. மெல்லிய சாஃப்ட் லென்ஸ் கருவிழியின் மேல் ஈரத்துணி மாதிரி படிந்து, அதே மேடுபள்ளத்தைத் தானும் காட்டும். கடைக்காரர் தரும் சாதாரண சாஃப்ட் லென்ஸில் உங்களுக்கு ஏன் தெளிவு வரவில்லை என்பது இது புரிந்தால் புரிந்துவிடும்.

3. அளவெடுக்கப் போகும் முன் தயார் செய்ய வேண்டியவை

பழைய டோபோகிராபி அறிக்கைகள், தடிமன் அறிக்கை, அறுவை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி. கருவிழி மாற்று செய்தவர்கள் எண்டோதீலியல் செல் (கருவிழியின் உள்பக்கம் இருந்து அது நீர் கோக்காமல் காக்கும் செல்) எண்ணிக்கை அறிக்கையைக் கட்டாயம் எடுத்துவர வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஏற்கெனவே லென்ஸ் போடுகிறவர்கள், எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். லென்ஸ் கருவிழியை அழுத்தித் தற்காலிகமாக வடிவத்தை மாற்றும். கடின லென்ஸ் என்றால் அது பழைய வடிவத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம், சாஃப்ட் லென்ஸுக்குச் சில நாள் போதும். காலையில் லென்ஸைக் கழற்றிவிட்டு மதியம் அளவெடுக்க வந்தால், நாங்கள் அளப்பது உங்கள் கருவிழியை இல்லை, லென்ஸ் அழுத்திய தடத்தை.

உங்கள் ஒரு நாளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், பைக்கில் எவ்வளவு தூரம், ஏசி அறையா, மில்லா, வயலா, கம்ப்யூட்டர் எத்தனை மணி நேரம். ஐந்து நிமிட வேலைதான். நாள் முழுக்கத் தூசியில் நிற்கும் கொத்தனாருக்கும் ஏசியில் திரை பார்க்கும் பெண்ணுக்கும் ஒரே கே அளவு (கருவிழியின் வளைவு) இருந்தாலும் நான் ஒரே லென்ஸைக் கொடுக்க மாட்டேன்.

அரை நாளை ஒதுக்கிவிட்டு வாருங்கள். லென்ஸைக் கண்ணில் வைத்து அது அமரும்வரை காத்திருந்துதான் அளவு முடிவாகும். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனவர்களுக்கு ஒத்துவந்த லென்ஸை நான் அதிகம் பார்த்ததில்லை.

4. எந்த லென்ஸ் யாருக்கு

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஸ்கிளீரல் போட்டு நன்றாக இருக்கிறது, எனக்கும் அதுவே வேண்டும் என்று வருவார்கள். கூம்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு செங்குத்து, தழும்பு உண்டா, கண் வறட்சி உண்டா, கை நடுங்குமா, எவ்வளவு செலவழிக்க முடியும் என்ற கேள்விகள் எல்லாம் சேர்ந்துதான் முடிவு. லேசானதிலிருந்து ஏறுவரிசையில் சொல்கிறேன்.

டோரிக் சாஃப்ட் லென்ஸ், அதாவது சிலிண்டர் பவர் உள்ள சாஃப்ட் லென்ஸ். ஆரம்ப நிலையில், கண்ணாடியிலேயே ஓரளவு நன்றாகத் தெரிகிறவர்களுக்கு மட்டும். உறுத்தாது, விலையும் குறைவு. கெரட்டோகோனஸுக்கென்றே நடுவில் தடிமனாகச் செய்யும் கெராசாஃப்ட் போன்ற சாஃப்ட் லென்ஸ்களும் உண்டு. தடிமன் கூடுவதால் மேடுபள்ளத்தைக் கொஞ்சம் மறைக்கும். அதே தடிமன் ஆக்சிஜன் போவதைக் குறைக்கும் என்பதால், இந்த லென்ஸ் போடுகிறவர்களின் கண்ணில் கருவிழி ஓரமாகப் புது ரத்தக் குழாய் வளர்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பேன்.

ஆர்ஜிபி, அதாவது காற்று புகும் கடின லென்ஸ். இதுதான் நம் ஊரில் நிறையப் பேர் போடுவது. கருவிழிக்குள்ளேயே அடங்கும் சின்ன லென்ஸ். கெரட்டோகோனஸுக்கென்று நியூசிலாந்தின் பால் ரோஸ் வடிவமைத்த ரோஸ் கே இந்த வகைதான். ரோஸ் கே2 லென்ஸின் வழக்கமான விட்டம் 8.7 மி.மீ. இமைக்கும்போது லென்ஸ் கொஞ்சம் ஏறி இறங்கும், அடியில் கண்ணீர் மாறிக்கொண்டே இருக்கும், ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும். பார்வைத் தெளிவுக்கும் விலைக்கும் சேர்த்துப் பார்த்தால் நான் முதலில் முயன்று பார்ப்பது இதைத்தான். குறை: ஆரம்பத்தில் உறுத்தும், தூசி உள்ளே போனால் ஊசி குத்திய மாதிரி வலிக்கும், கூம்பு மிகச் செங்குத்தாக இருந்தால் லென்ஸ் நழுவி விழும்.

பிதுக்கம் நடுவில் இல்லாமல் கீழ் ஓரத்தில் இருப்பவர்களுக்கு (பெல்லூசிட் என்று அறிக்கையில் இருக்கும்) 8.7 மி.மீ. லென்ஸ் கீழே சரிந்துகொண்டே இருக்கும். அவர்களுக்குப் பெரிய விட்டம் வேண்டும். ரோஸ் கே2 ஐசி 11.2 மி.மீ. அளவில் வருவது இந்த மாதிரிக் கண்களுக்காகத்தான். லேசிக்குக்குப் பின் வந்த பிதுக்கத்தில் நடுப்பகுதி தட்டையாகவும் சுற்றுப்பகுதி செங்குத்தாகவும் இருக்கலாம். அதற்கு வளைவைத் தலைகீழாக வைத்துச் செய்த லென்ஸ் தேவைப்படும்.

பிக்கிபேக். அடியில் ஒரு மெல்லிய சாஃப்ட் லென்ஸ், அதன் மேல் ஆர்ஜிபி. ஆர்ஜிபியில் பார்வை அருமை, ஆனால் தாங்க முடியவில்லை என்பவர்களுக்கும், கூம்பு முனை உரசிப் புண்ணாகிறவர்களுக்கும் இது நல்ல ஏற்பாடு. ஆக்சிஜன் நிறையப் போகும் சிலிகான் ஹைட்ரோஜெல் சாஃப்ட் லென்ஸாக, தினமும் தூக்கிப்போடுவதாக இருந்தால் நல்லது. இரண்டு லென்ஸ், இரண்டு பராமரிப்பு என்பதுதான் தொல்லை. ஆனால் கையில் இருக்கும் நல்ல ஆர்ஜிபியை வீணாக்காமல் காப்பாற்றலாம்.

ஹைப்ரிட். நடுவில் கடினம், சுற்றிலும் சாஃப்ட் பாவாடை. நடுவில் நன்றாக நிற்கும், தூசி உள்ளே போவது குறைவு. இரண்டும் இணையும் இடத்தில் கிழியக்கூடும். ஆர்டர் செய்யும் முன், கிழிந்தால் மாற்று லென்ஸ் எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள்.

ஸ்கிளீரல். கருவிழியைத் தொடாமல் பாலம் மாதிரி தாண்டிப்போய் வெண்விழியில் உட்காரும் பெரிய லென்ஸ். 15 மி.மீ. முதல் 20 மி.மீ.க்கு மேல் வரை உண்டு. உள்ளே சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) நிரப்பித்தான் போட வேண்டும். வெண்விழிக்கு உணர்ச்சி குறைவு என்பதால், இவ்வளவு பெரிய லென்ஸ் சின்ன ஆர்ஜிபியைவிட உறுத்தல் இல்லாமல் இருக்கும். இதைக் கேட்டு யாரும் முதலில் நம்புவதில்லை, போட்டுப் பார்த்ததும் முகம் மாறும். மிகச் செங்குத்தான கூம்பு, ஆர்ஜிபி நிற்காத கண், கடும் வறட்சி, தூசி வேலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். சென்னை சங்கர நேத்ராலயா, ஐதராபாத் எல்.வி.பிரசாத் போன்ற இடங்களில் கிடைக்கும் ப்ரோஸ் சிகிச்சையும் இந்தக் குடும்பம்தான். போட்டுக் கழற்றப் பயிற்சி அதிகம் வேண்டும், விலை ஆர்ஜிபியைப்போலப் பல மடங்கு.

இங்கேதான் எண்டோதீலியல் செல் அறிக்கை வேண்டும். ஸ்கிளீரலுக்கு அடியில் கண்ணீர் எளிதில் மாறாது, லென்ஸும் தடிமன், அடியில் தேங்கும் நீரும் தடிமன். கருவிழிக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். மாற்றுக் கருவிழியில் அந்த செல்கள் ஏற்கெனவே குறைவாக இருந்தால் கருவிழி நீர் கோத்து வீங்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு முடிந்தவரை ஆர்ஜிபியிலேயே நிறுத்திக்கொள்ளத்தான் நான் பார்ப்பேன்.

ஒரு கண்ணில் மட்டும் பாதிப்பு என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். நல்ல கண் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்வதால், உறுத்தும் லென்ஸைப் போடும் ஆசை பத்தாம் நாளே போய்விடும். இவர்களுக்கு வசதியான லென்ஸைத் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம், பார்வைப் பலகையில் ஒரு வரி குறைந்தாலும் பரவாயில்லை.

5. ட்ரையல் நாள்: மாதிரி லென்ஸைப் போட்டுப் பார்ப்பது

டோபோகிராபி எங்கே தொடங்குவது என்று மட்டும் சொல்லும். மீதியை லென்ஸ் உங்கள் கண்ணில் உட்காரும் விதம் சொல்லும். அறிக்கையை வாட்ஸாப்பில் அனுப்பி லென்ஸை கூரியரில் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: இந்தக் கண்ணுக்கு முடியாது.

மரத்துப்போகும் சொட்டு விட்டு ட்ரையல் போட்டால், விட்டிருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சொட்டின் வேகத்தில் எல்லா லென்ஸும் சுகமாகத்தான் இருக்கும்.

ஆர்ஜிபி போட்டதும் கண்ணீர் கொட்டும். இருபது முப்பது நிமிடம் கழித்து அது அடங்கிய பிறகுதான் பார்க்க வேண்டும். மஞ்சள் புளோரசின் சாயம் விட்டு நீல ஒளியில் பார்ப்போம். சாயம் தேங்கிய இடம் பச்சையாக ஒளிரும், லென்ஸ் தொடும் இடம் கருப்பாக இருக்கும். கூம்பு முனையில் இறகு பட்ட மாதிரி லேசான தொடுதல், பாரத்தின் பெரும்பகுதி பக்கவாட்டில் இரண்டு இடத்தில். இப்படி இருந்தால் நல்ல பொருத்தம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. லென்ஸ் தட்டையாக இருந்து கூம்பை நன்றாக அழுத்தினால், பார்வை சில சமயம் இன்னும் கூர்மையாக வரும். “இதுவே இருக்கட்டும், நன்றாகத் தெரிகிறது” என்று கெஞ்சுவார்கள். அந்த அழுத்தம் நாள்பட முனையை உரசித் தழும்பாக்கும். பார்வை நன்றாக வருகிறது என்பதோடு, முனையில் பாரம் எப்படி இருக்கிறது என்பதையும் கேளுங்கள். கேட்கிற நோயாளியிடம் லென்ஸ் பொருத்தும் எந்த நல்ல ஆப்டோமெட்ரிஸ்டும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஸ்கிளீரலில் பார்ப்பது வேறு: கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி. லென்ஸ் வெண்விழியின் மெத்தை மாதிரியான தோலில் மெல்ல அமிழும், சில மணி நேரத்தில் 100 மைக்ரான் அளவுக்குக்கூட இறங்கிவிடும். போட்ட உடனே சரியான இடைவெளி என்று ஆர்டர் செய்தால், சாயங்காலம் கருவிழியைத் தொடும். அதனால் போட்டுக்கொண்டு டீ குடித்துவிட்டு, நடந்துவிட்டு வரச் சொல்வோம். ஓரத்தில் ரத்தக் குழாய்கள் வெளுத்துப்போனால் இறுக்கம். கழற்றிய பின் வட்டமாகத் தடம் பதிந்திருந்தாலும் இறுக்கம்.

கடைசியில்தான் லென்ஸின் மேல் பவர் பார்ப்பது. பொருத்தம் மாறினால் பவரும் மாறும், அதனால் முன்னாலேயே பவர் பார்ப்பது வீண் வேலை. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் படிக்க மட்டும் லென்ஸின் மேல் கண்ணாடி தேவைப்படலாம். அது லென்ஸின் குறை இல்லை.

6. ஆர்டர் கொடுக்கும்போது

வளைவு, விட்டம், பவர், ஓர வகை, பிராண்டு ஆகிய ஐந்தையும் ஒரு அட்டையில் எழுதி வாங்கி, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வளைவு மி.மீ.யில் இருக்கும். 337.5-ஐ அதால் வகுத்தால் அதே வளைவு டயாப்டர் என்ற பவர் அலகில் கிடைக்கும், 6.75 மி.மீ. என்றால் 50. எண் குறையக் குறைய வளைவு செங்குத்து. வெளியூரில் லென்ஸ் தொலைந்தால் இந்தப் படம்தான் உங்களைக் காப்பாற்றும்.

முதல் ஆர்டரிலேயே சரியாக அமைவது நடக்கும், நடக்காமலும் போகும். அளவு மாற்றித் தருவார்களா, எத்தனை முறை, எத்தனை நாளுக்குள் என்பதைப் பணம் கட்டும் முன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இரண்டு கண்ணுக்கும் வேறு நிறம் கேளுங்கள். வலது பச்சை, இடது நீலம் என்பது பரவலான வழக்கம். கெரட்டோகோனஸ் கண்ணில் இடம் மாறிப் போட்டால் பார்வை மங்குவதோடு பொருத்தமும் தப்பாகி உரசும்.

7. போடுவது

மேஜையில் வெள்ளைத் துண்டை விரியுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். வாஷ்பேசின் மேல் நின்று போடாதீர்கள், தவறி விழுந்தால் துளை வழியாகப் போய்விடும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நூல் உதிராத துணியில் ஈரம் போகத் துடையுங்கள். எண்ணெய், கிரீம் கலந்த சோப்பு வேண்டாம். சமையலறையில் மிளகாய் நறுக்கியவர்கள் அன்று எத்தனை முறை கழுவினாலும் போதாது. காலையில் லென்ஸ் போட்டுவிட்டுப் பிறகு சமையலுக்குப் போங்கள், கழற்றும் நேரத்துக்கு முன்னால் மிளகாய் தொடும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். தலைக்கு எண்ணெய் வைப்பதும், மை இடுவதும் லென்ஸ் போட்ட பிறகுதான். மையை இமையின் உள்விளிம்பில் இடவே கூடாது.

எப்போதும் வலது கண்ணிலேயே தொடங்குங்கள். பழக்கம் உறுதியானால் இடம் மாறாது.

ஆர்ஜிபி: லென்ஸில் கண்டிஷனிங் கரைசல் (லென்ஸ் பரப்பை ஈரமாக வைக்கும் கரைசல்) ஒரு சொட்டு விட்டு, ஆள்காட்டி விரல் நுனியில் கிண்ணம் மாதிரி வையுங்கள். மற்ற கையால் மேல் இமையை இமைமுடியின் வேரிலேயே பிடித்துத் தூக்குங்கள். இமையின் நடுவில் பிடித்தால் கண் சிமிட்டும், லென்ஸ் தெறிக்கும். அதே கையின் நடுவிரலால் கீழ் இமையை இழுத்து, கண்ணாடியில் உங்கள் கண்ணையே நேராகப் பார்த்து வையுங்கள். விரல் வரும்போது கண் மேலே ஓடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது.

ஸ்கிளீரல்: பெரிய பிளஞ்சரில் (லென்ஸை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணம்) அல்லது மூன்று விரலில் லென்ஸை வைத்து, ப்ரிசர்வேட்டிவ் இல்லாத சலைனை விளிம்பு ததும்ப ஊற்றுங்கள். முகத்தைத் தரைக்கு இணையாகக் குனியுங்கள், மூக்கு நேராக மேஜையைப் பார்க்க வேண்டும். பாதி குனிந்தால் நீர் வழிந்து காற்றுக்குமிழி உள்ளே போகும். இரண்டு இமையையும் அகலத் திறந்து, நீர் கண்ணைத் தொட்ட பிறகும் இன்னும் கொஞ்சம் மேலே அழுத்தி, இமைகளை விட்டுவிட்டு, அதன் பிறகு பிளஞ்சரை எடுங்கள். குமிழி தெரிந்தால் யோசிக்காமல் கழற்றித் திரும்பப் போடுங்கள். குமிழி இருக்கும் இடத்தில் கருவிழி காய்ந்துபோகும், அது தானாகப் போகாது.

நான் அதிகம் பார்த்த பெரிய தப்பு ஒன்று உண்டு. சலைன் தீர்ந்துவிட்டது என்று, லென்ஸை ஊறவைக்கும் கரைசலையே ஸ்கிளீரலில் நிரப்பிவிடுவார்கள். அதிலிருக்கும் கிருமிநாசினி நாள் முழுக்கக் கருவிழியின் மேலேயே அடைபட்டுக் கிடக்கும். மாலையில் கண் ரத்தச் சிவப்பாக வந்து நிற்பார்கள். ஒரு முறை திறந்த சின்ன சலைன் குப்பியை மறுநாளுக்கு வைத்துக்கொள்வதும் இதே மாதிரி ஆபத்து. ப்ரிசர்வேட்டிவ் இல்லாததால் கிருமி வளரத் தடையே இல்லை.

8. கழற்றுவது

வீட்டுக்கு அனுப்பும் முன் மூன்று முறையாவது நீங்களே கழற்றிக் காட்ட வேண்டும் என்று நான் சொல்வேன். போடத் தெரியாவிட்டால் அன்று லென்ஸ் இல்லை, அவ்வளவுதான். கழற்றத் தெரியாவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்குக் கண்ணைப் பிறாண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

ஆர்ஜிபி: கண்ணை அகலத் திறந்து, வெளி ஓரத்தில் இமைகளைக் காதுப் பக்கமாக இழுத்துப் பிடித்து இமையுங்கள், லென்ஸ் உள்ளங்கையில் விழும். லென்ஸ் வெண்விழிக்கு நகர்ந்துவிட்டால் பயப்பட வேண்டாம். கண்ணுக்குப் பின்னால் போக வழியே இல்லை, தோல் மடிப்பு அங்கே அடைத்திருக்கிறது. ஒரு சொட்டு விட்டு, கண்ணாடியில் எங்கே என்று பார்த்து, சின்ன பிளஞ்சரால் எடுங்கள். லென்ஸ் எங்கே என்று பார்க்காமல் பிளஞ்சரை வைத்தால் அது கருவிழியைப் பிடித்து இழுக்கும்.

ஸ்கிளீரல்: முதலில் சொட்டு விடுங்கள். கீழ் இமையை இறக்கி, ஓரத்தை வெண்விழியின் மேல் விரலால் லேசாக அழுத்தி உள்ளே காற்றுக்குமிழி விடுங்கள். பிறகு நனைத்த சின்ன பிளஞ்சரை லென்ஸின் விளிம்போரம் ஒட்டி, வெளியேயும் மேலேயுமாகச் சாய்த்து எடுங்கள். நடுவில் ஒட்டி நேராக இழுப்பதுதான் தப்பு. உறிஞ்சும் விசையில் மொத்தக் கண்ணையும் இழுக்கிறீர்கள். கருவிழி மாற்று செய்தவர்களுக்கு இது உண்மையிலேயே ஆபத்து.

9. கழுவுவது

தண்ணீர் கூடாது. குழாய்த் தண்ணீர், ஆர்ஓ, காய்ச்சி ஆறவைத்தது, மினரல் வாட்டர், எதுவும் கூடாது. எச்சில் கூடவே கூடாது. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற கிருமி கருவிழியில் புகுந்தால் மாதக்கணக்கில் வலியோடு சிகிச்சை எடுக்க வேண்டியிருக்கும். குளிக்கும்போதும் நீச்சலிலும் லென்ஸ் வேண்டாம். போட்டுக்கொண்டு தூங்கவும் வேண்டாம்.

கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, அதற்கான கரைசலால் இரண்டு பக்கமும் மென்மையாகத் தேய்த்து அலசி, புதுக் கரைசலில் ஊறவையுங்கள். நேற்றைய கரைசலின் மேல் கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மிச்சமில்லை, கிருமிக்குத் தீனி. புட்டியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். டப்பியைத் தினமும் காயவைத்து, மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். பிளஞ்சரையும் மறக்காதீர்கள், அதுவும் கண்ணைத் தொடும் பொருள்தான்.

ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசல் கொடுத்திருந்தால், அதற்கென்று தரும் டப்பியில் குறித்த நேரம் முழுதும் ஊறிய பிறகே லென்ஸை எடுக்க வேண்டும். அவசரத்தில் புட்டியிலிருந்து நேராக அலசிப் போட்டால் கருவிழி எரிந்துபோகும்.

10. முதல் மாதம்

ஆர்ஜிபி என்றால் முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரம், பிறகு தினம் ஒரு மணி கூட்டுங்கள். இமையின் உள்பக்கம் பழகத்தான் இந்த அவகாசம். முதல் நாளே எட்டு மணி நேரம் போட்டுவிட்டு இது எனக்கு ஆகாது என்று முடிவுகட்டுகிறவர்கள் அதிகம். இடையில் ஒரு வாரம் விட்டுவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். பைக்கில் போகும்போது மூடிய ஹெல்மெட் கண்ணாடி அல்லது பக்கம் மறைத்த கண்ணாடி போடுங்கள்.

ஸ்கிளீரல் போட்டவர்களில் சிலருக்கு மதியம் பார்வையில் பால் கலந்த மாதிரி மங்கும். உள்ளே இருக்கும் நீரில் கசடு சேர்வதால் வருவது. கழற்றி, அலசி, புது சலைன் நிரப்பிப் போட்டால் தெளியும். தினமும் இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் பொறுத்துக்கொள்ளாதீர்கள், ஓரப் பொருத்தத்தை மாற்றிக் குறைக்க முடியும்.

ஒரு சின்ன நோட்டில் போட்ட நேரம், கழற்றிய நேரம், எப்போது உறுத்தியது, எப்போது மங்கியது என்று எழுதுங்கள். “சரியா இல்லை” என்று சொல்வதைவிட, “நாலு மணிக்கு மேல் வலது ஓரம் உறுத்துகிறது” என்று சொன்னால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. மறுபரிசோதனைக்கு லென்ஸைக் கையில் எடுத்துவராதீர்கள். நாலைந்து மணி நேரமாவது போட்டபடி வாருங்கள், அப்போதுதான் உட்கார்ந்த நிலை தெரியும்.

11. உடனே கழற்ற வேண்டிய நேரம்

கழற்றிய பிறகும் அடங்காத வலி, சிவப்பு, வெளிச்சம் பார்க்க முடியாமை, சீழ், கருவிழியில் வெள்ளைப் புள்ளி. இவற்றில் எது வந்தாலும் லென்ஸைக் கழற்றி, அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடாதீர்கள். கிருமிப் புண்ணாக இருந்தால் அது வேகமாகப் பரவும். டப்பியையும் கரைசலையும் கழுவாமல் எடுத்துப்போங்கள், கிருமி எது என்று கண்டுபிடிக்க உதவும்.

கெரட்டோகோனஸ் போலக் கருவிழி மெலிந்து பிதுங்கும் நோய்களில் வரும் ஒன்று ஹைட்ராப்ஸ். கருவிழியின் உள்படலம் கிழிந்து நீர் உள்ளே புகுந்துவிடும். திடீரென்று பார்வை மங்கி, கருவிழி வெள்ளையாகி, கண்ணீர் வடியும். லென்ஸை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கருவிழி மாற்று செய்தவர்களுக்குச் சிவப்பு, கூச்சம், மங்கல், வலி என்பவை உடல் புதுக் கருவிழியை ஏற்காததன் அறிகுறியாகவும் இருக்கலாம். லென்ஸ் உறுத்தல்தான் என்று இரண்டு நாள் பார்ப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

12. அதன் பிறகு

மறுபரிசோதனை ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தொந்தரவு இல்லாவிட்டாலும் வாருங்கள், முனையில் உரசல் வலிக்காமலே தொடங்கும். கீறல் விழுந்த, கசடு படிந்த லென்ஸை ஆசையாக வைத்துக்கொள்ளாமல், பார்த்து மாற்றச் சொல்லும்போது மாற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது லென்ஸை நிறுத்திவிட்டு டோபோகிராபி எடுங்கள். அந்த நாட்களைச் சமாளிக்க ஒரு சுமாரான கண்ணாடி வீட்டில் இருக்கட்டும், அதில் ஒரு வரி குறைவாகத் தெரிந்தாலும் சமையல் பார்க்க, வீட்டுக்குள் நடமாட அது போதும்.